அட்டையில் எழுதிய ஊர்

ரேடியோ நிலையத்தில் ஒரு மரப்பெட்டி இருந்தது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள ஒவ்வொரு ஊருக்கும் அதில் ஓர் அட்டை. செய்தி வாசிக்கிறவன் ஊர்ப்பேரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று அந்தந்த ஊர்ப் பாதிரியாருக்குக் கடிதம் போட்டுக் கேட்டு எழுதியது. மீன் பிடிக்கிறவனை யார் கேட்டார்கள்? கோழியைக் கேட்டா குழம்பு வைப்பார்கள்?

அங்கே செய்தி வாசிக்கிற ஹெர்பர்ட் கெட்ஜின் ஊருக்கும் அட்டை உண்டு. காஸ்பரிங்ஹாம் என்று, ஓர் எழுத்து விடாமல். அங்கே பிறந்த எவனும் அப்படிச் சொன்னதில்லை. காஸ்ரம், அவ்வளவுதான். பாதிரியார் அந்த ஊருக்கு வந்தே ஒன்றரை வருஷம்.

இந்த வேலைக்காக ஹெர்பர்ட் ஏழு வருஷம் பல்லிடுக்கில் தக்கையைக் கடித்துக்கொண்டு பேசிப் பழகினான். மீன் வாடை போகத் துணியை அடித்துத் துவைக்கிற மாதிரி நாக்கைத் துவைத்தான். அட்டையை மீறினவனை நிலைய அதிகாரி பெல்லமி அன்றைக்கே மைக்கை விட்டு எழுப்பிவிடுவார். இரண்டு பேர் அப்படிப் போயிருந்தார்கள். இதையெல்லாம் வீட்டில் சொன்னபோது அப்பா எலைஜா ஒன்றே ஒன்று கேட்டார்: என்றைக்காவது நம்ம ஊர் வந்தால் நம்ம வாயால் சொல்லு. ஹெர்பர்ட் தலையாட்டினான். தலையாட்டக் காசா பணமா?

நவம்பரில் அந்த நாள் வந்தது. மீன்படகு ஒன்று மணல்திட்டில் மோதி உடைந்து நான்கு பேர் போய்விட்டார்கள். செய்திக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தாளைக் கையில் கொடுத்தார்கள். மூன்றாவது பேர் ஜாப் கெட்ஜ். இவன் தம்பி.

ஊரில் ரேடியோ இருந்தது சாராயக்கடையில் மட்டும். ஊரே அங்கேதான் நிற்கும் என்று இவனுக்குத் தெரியும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெல்லமி நின்றார். காஸ்ரம் என்பது தொண்டை வரைக்கும் வந்தது. ஹெர்பர்ட் காஸ்பரிங்ஹாம் என்று படித்தான். நான்கு பேருக்கும் நான்கு தடவை.

பெல்லமி வந்து தோளைத் தட்டினார்.

"கூடப் பிறந்தவனாமே. குரல்ல ஒரு பிசிறு இல்லப்பா. லண்டனுக்கே எழுதுறேன் உன்னைப் பத்தி."

வெட்கக்கேடு என்னவென்றால், அதைக் கேட்க இவனுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனான். உடல்கள் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காவிட்டால் அங்கே ஒரு வழக்கம். கூடப் பிறந்தவன் கரையில் நின்று, செத்தவன் பேரையும் ஊர்ப்பேரையும் கடலைப் பார்த்து மூன்று தடவை கூப்பிட வேண்டும். அப்போதுதான் அவன் வழி தெரிந்து வீடு வருவான். இல்லாவிட்டால் எவன் ஊர்க் கரையிலோ அலைவான். மற்ற மூன்று வீட்டாரும் கூப்பிட்டு முடித்து ஜாபுக்காகக் காத்திருந்தார்கள்.

"லண்டன் துரை வந்துட்டாருப்பா, வழி விடுங்க" என்றான் பக்கத்து வீட்டு ஸ்னோவி. யாரும் வழி விடவில்லை. ஹெர்பர்ட் இடித்துக்கொண்டுதான் போனான்.

"ஜாப் கெட்ஜ். காஸ்ரம்."

சொன்னது சரிதான். ஆனால் கூத்தாடி எவனோ மீனவன் வேஷம் கட்டிக்கொண்டு கத்தின மாதிரி இருந்தது. பின்னால் ஒருத்தி சிரித்துவிட்டாள். வாயைப் பொத்தினாள், சிரிப்பு நிற்கவில்லை. அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர். சாவுக் கூட்டத்தில்.

மறுபடி வாய் திறந்தவனின் கையை எலைஜா பிடித்தார்.

"போதும். நீ கூப்பிட்டா யாரோ பாதிரியார்னு நினைச்சு அவன் அங்கயே கிடப்பான்."

"அப்பா, நான் அவன் அண்ணன்."

"அது அட்டையில இருக்கா?"

எலைஜா ஸ்னோவி பக்கம் திரும்பி, நீ கூப்பிடு, முதலில் கூப்பிட்டது கணக்கில் இல்லை, மூன்று தடவையும் நீயே கூப்பிடு என்றார். வலைத் தகராறில் ஜாபின் மூக்கை உடைத்தவன் ஸ்னோவி. அவன்தான் கூப்பிட்டான். அண்ணன்காரன் ஓரமாக நின்று கேட்டுவிட்டு நாலு மணி ரயிலைப் பிடித்தான்.

திங்கட்கிழமை மீன் விலைப் பட்டியலில் மறுபடி ஊர் வந்தது. அட்டையில் உள்ளபடியே படித்தான். பெல்லமி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சாராயக்கடையில் ரேடியோவை யாரும் அணைக்கவில்லை. ஸ்னோவி எழுந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, காஸ்பரிங்ஹாம் என்று அவனைப் போலவே சொல்லிக் காட்டினான். முதலில் சிரித்தவர் எலைஜா.