ஏழு பத்து பஸ்

எங்கள் ஊரில் மூன்றரை லட்சம் பேர். பெரிய நகரத்துக்காரர்கள் எங்களைப் பார்த்து "பாவம், சின்ன ஊர்" என்பார்கள். சின்ன ஊர்க்காரர்கள் வந்தால் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். இப்படி இரண்டுங்கெட்டானாகக் கிடந்த ஊருக்கு ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு தொழில்முறைக் கால்பந்து அணி வந்து சேர்ந்தது. ஊரின் நட்டநடுவில், பஸ் நிலையத்துக்கு நேர் எதிரே, ஒன்பதாயிரம் பேர் உட்காரும் அரங்கமும் எழும்பியது.

அரங்கத்துப் புல்லுக்குப் பொறுப்பு என் மகள். தன் கல்யாணத்தன்றுகூட விடிகாலையில் போய் ஒரு சுற்றுத் தண்ணீர் அடித்துவிட்டுத்தான் பட்டுப்புடவை கட்டினாள். மாப்பிள்ளை அந்தப் புல்லுக்கு இரண்டாம் தாரம் என்று நான் சொன்னால் வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. மாப்பிள்ளை மட்டும் தலையாட்டுவார்.

என்னைப் பற்றி ஒரு வரி. பஸ் நிலையத்தில் முப்பத்து நான்கு வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். ஊரில் என் பெயர் யாருக்கும் தெரியாது, "நிமிஷம்" என்றால் குழந்தையும் கை காட்டும். எல்லா ரூட்டுக்கும் கடைசி பஸ் மாலை ஏழு பத்து. அந்த நேரத்தை வைத்தது நான்தான். என் ஒரே விசிலில் ஐம்பத்தெட்டு பஸ்களும் கிளம்பும். சூரியனே எங்கள் பஸ்ஸைப் பார்த்துத்தான் மறையும் என்று அப்போது பேசிக்கொள்வார்கள். பேசிக்கொண்டது பெரும்பாலும் நான்தான்.

போன சீசன் முடியப்போகும் நேரத்தில், போட்டிகளை நடத்தும் லீக்கிலிருந்து கடிதம் வந்தது. நடுத்தர ஊரால் ஓர் அணியைத் தாங்க முடியாதாம். ஒவ்வோர் ஆட்டத்திலும் கடைசி விசில் ஊதும்போது பார்வையாளர் வரிசைகளைப் படம் எடுப்பது அவர்கள் வழக்கம். எங்கள் படத்தில் இருந்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர், அதில் போலீஸும் அடக்கம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு அதிகாரி நேரில் வருவார். ஏழாயிரம் தலை தெரியாவிட்டால் அணி பெரிய நகரத்துக்குப் போய்விடும். அரங்கத்தை இடித்துக் கார் நிறுத்துமிடம் கட்டப் போகிறார்கள்.

ஊர் முழுக்க இதே பேச்சு. டிக்கெட் விலை அதிகம் என்றார் முடிதிருத்துபவர். அணியே சரியில்லை என்றார் பல் டாக்டர், வாயைத் திறந்து வைத்திருந்த என்னால் மறுக்க முடியாத நேரம் பார்த்து.

"இந்த ஊர் ஜனங்களுக்கு ஆட்டம்னா என்னன்னே தெரியல. பாதியில எழுந்து போயிடறாங்க. பொறுப்பில்லாத கூட்டம்!" என்று நான் சாப்பாட்டு மேஜையில் முழங்கினேன்.

மகள் சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகங்களில் மண் இருந்தது. "அப்பா, போன வாரம் நீங்களும் வந்தீங்கல்ல?"

"வராம? ஒரு ஆட்டம் விட்டதில்ல."

"ஜெயிச்ச கோலை யார் போட்டது?"

நான் தண்ணீர் குடித்தேன். சொம்பு காலியானது.

"தொண்ணூறாவது நிமிஷம், நெட்டையன் தலையால முட்டினான். அதுக்கு முந்தின வாரமும் கடைசி நிமிஷம்தான். நீங்க அப்போ எங்க இருந்தீங்க?"

"எங்க இருப்பார்? என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு பஸ்ஸுக்கு ஓடிக்கிட்டிருந்தார்" என்றாள் என் மனைவி, குழம்புக் கரண்டியை நீட்டி. "ஏழு மணி ஆனா மனுஷனுக்குக் கால் தரையில நிக்காது. இவர் மட்டுமா? ஊரே இவர் விசிலுக்குப் பயந்து ஓடுது."

விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். ஆட்டம் ஐந்தரைக்குத் தொடங்கும். இடைவேளை போக, எழுபத்தைந்தாவது நிமிஷம் என்பது சரியாக ஏழு மணி. முடியும்போது ஏழு இருபது. பஸ்ஸோ ஏழு பத்து. ஆறு வருஷமாக ஒன்பதாயிரம் பேர் ஒரு முடிவைக்கூடப் பார்த்ததில்லை. லீக்காரர்கள் காரில் வருகிறார்கள், அவர்களுக்கு எப்படித் தெரியும்? என் மகளின் புல்லை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தது என் கைக்கடிகாரம்.

மறுநாளே பஸ் நிலையத்துக்குப் போனேன். இப்போதைய டைம் கீப்பர் என்னிடம் வேலை பார்த்தவன்தான். குரல் ஆலைச் சங்கு மாதிரி இருப்பதால் பெயரே சங்கு.

"ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள், அரை மணி நேரம் நிறுத்தி வைடா."

"அண்ணே, நீங்களா பேசறீங்க? உங்க சம்பந்தியையே விட்டுட்டுப் பஸ்ஸை அனுப்பினவராச்சே!"

"அவர் இன்னும் பேசறதில்லடா. அது வேற கதை."

"அரை மணி வரைக்கும் நிறுத்த எனக்கு அதிகாரம் இருக்கு. ஆனா கூட்டம் என்னை அடிக்க வந்தா? நீங்களே மைக்ல சொல்லுங்க. உங்க வாயால 'தாமதம்'னு சொல்லணும். அப்போ நிறுத்தறேன்."

முப்பத்து நான்கு வருஷம் அந்த வார்த்தையை என் நாக்கு தொட்டதில்லை. சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை அரங்கம் வழக்கம்போல நிரம்பியது. லீக் அதிகாரி காமிராக்காரரோடு மாடியில் உட்கார்ந்திருந்தார், ஏற்கெனவே முடிவு தெரிந்த பரீட்சைக்கு வந்தவர் முகத்தோடு. ஆறு ஐம்பதுக்கு நான் எதிரே பஸ் நிலையத்துக்கு ஓடிப்போய் மைக்கைப் பிடித்தேன். "பயணிகள் கவனத்துக்கு. இன்று கடைசி பஸ்கள் அரை மணி... தா... தாமதம்." பஸ் நிலையத்தில் ஒரு கிழவர் மயங்கி உட்கார்ந்துவிட்டார். அரங்கத்து ஒலிபெருக்கியிலும் அதையே சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்தேன்.

ஏழு மணி. ஒன்று–ஒன்று என்று சமநிலை. ஒன்பதாயிரம் பேரும் எழுந்து நின்றார்கள்!

"உக்காருங்கய்யா! பஸ் நிக்கும்!" என்று கத்தினேன்.

"யார் சொன்னது?"

"நான்தான், நிமிஷம்!"

"அதெல்லாம் சும்மா. நிமிஷம் செத்தாலும் பஸ்ஸை நிறுத்தமாட்டார்" என்றார் முன்னால் நின்றவர், என் முகத்தைப் பார்த்தே.

மைதான ஓரத்தில் என் மகள் குழாயைப் பிடித்தபடி நின்றிருந்தாள். எழுந்த கூட்டத்தைப் பார்த்தாள், பிறகு புல்லைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். என்னால் அதைத் தாங்க முடியவில்லை. மறுபடியும் எதிரே ஓடினேன். அறுபத்தாறு வயதில் அப்படி ஓடினவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான்.

"டேய் சங்கு! டிரைவர்களை அனுப்புடா! எல்லாரையும்!"

"பஸ்ஸுல உக்காந்திருக்கிற ஜனங்க?"

"அவங்களையும்தான்! டிக்கெட் நான் பேசிக்கறேன்!"

சங்கு ஊதினான். காக்கிச் சட்டையில் ஐம்பத்தெட்டு டிரைவர்கள் வரிசையாக அரங்கத்துக்குள் நுழைந்தார்கள். பின்னால் காய்கறிப் பைகளோடும், தூங்கும் குழந்தைகளோடும், ஒருவர் தையல் மெஷினோடும் பயணிகள். டிரைவர்கள் முன்வரிசையில் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்கள்.

வாசல் வரை போன கூட்டம் நின்றது.

"ஏய், அது நம்ம பன்னிரண்டாம் நம்பர் டிரைவர்தானே?"

"ஆமாம், செருப்பைக்கூடக் கழட்டிட்டார்."

"டிரைவர் இங்க இருந்தா பஸ் எப்படிப் போகும்? உக்காருடி!"

இரண்டே நிமிஷத்தில் ஒன்பதாயிரம் பேரும் உட்கார்ந்தார்கள். அதன் பிறகு நடந்ததை நான் கொஞ்சம்கூட மிகைப்படுத்தவில்லை. எங்கள் ஆட்டக்காரர்கள் ஆறு வருஷமாகக் கடைசிக் கால் மணி நேரம் காலி நாற்காலிகளுக்கு முன்னால் ஓடிப் பழகியவர்கள். நிறைந்த அரங்கத்தைப் பார்த்ததும் அவர்களுக்கு ஆளுக்கு நான்கு கால் முளைத்தன. தொண்ணூற்று மூன்றாவது நிமிஷம் மூலையிலிருந்து பந்து வந்தது. நெட்டையன் எழும்பினான். எழும்பினான், எழும்பிக்கொண்டே இருந்தான், நான் ஒரு கொட்டாவி விட்டிருக்கலாம். முட்டினான். கோல்!

அந்தச் சத்தத்தில் கடலே இல்லாத எங்கள் ஊரில் அலை அடித்தது. பன்னிரண்டாம் நம்பர் டிரைவர் யாரென்றே தெரியாமல் பல் டாக்டரைத் தூக்கிச் சுற்றினார். கடைசி விசில் ஊதியது. காமிரா மின்னியது.

அதிகாரி படத்தைப் பார்த்தார், வரிசைகளைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் பார்த்தார். "எட்டாயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு மேல இருக்கும். இவங்கல்லாம் எங்கிருந்து வந்தாங்க?"

"இங்கதான் சார் இருந்தாங்க. நான்தான் ஆறு வருஷமா துரத்திக்கிட்டிருந்தேன்."

"அடுத்த ஆட்டத்துக்கும் பஸ் நிக்குமா?"

"ஆட்டம் இருக்கிற அன்னிக்குக் கடைசி பஸ் ஏழு நாப்பதுக்கு சார்" என்று சங்கு பின்னாலிருந்து முழங்கினான். அரங்கம் முழுக்கக் கேட்டது. மைக்கே தேவைப்படவில்லை.

அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அப்போ அணி இங்கயே இருக்கட்டும். அந்த இடிக்கிற காண்ட்ராக்டரை நான் பார்த்துக்கறேன்."

நான் மகளிடம் சொல்ல ஓடினேன். அதற்குள் ஊரே மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. அவள் குழாயைத் திறந்து கூட்டத்தின் மீது தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"இறங்குங்க! என் புல்லு! அப்பா, உங்க டிரைவர்ங்களைக் கூப்பிடுங்க, தரையைத் தோண்டறாங்க!"

"அணி போகலம்மா! இங்கயேதான்!"

குழாய் அவள் கையிலிருந்து நழுவிப் பாம்பாட்டம் ஆடி என்னைத் தலையோடு நனைத்தது. அவள் அழுகையும் சிரிப்புமாக அந்தச் சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உடனே கையால் தரையைத் தடவிப் பார்த்தாள். "பரவால்ல. வேர் பிடிச்சுதான் இருக்கு. ரெண்டு வாரத்துல எழுப்பிடலாம்."

சுற்றிலும் எட்டாயிரத்துச் சொச்சம் பேர் நனைந்து குதித்துக்கொண்டிருந்தார்கள். மணி ஏழே முக்கால் தாண்டியிருந்தது. பஸ்ஸைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.