ஆறு வருஷத்து டயர்

ஏப்ரல் பிறந்துவிட்டால் எங்கள் டிரெய்லர் முகாமில் எல்லோரும் குனிந்து நடக்க ஆரம்பிப்போம். தொலைந்ததைத் தேடுவதற்கு அல்ல, டயரைப் பார்ப்பதற்கு. குளிர்காலம் முழுக்கத் தென் டெக்சாஸ் வெயிலில் நின்ற டிரெய்லர் வீடுகளைப் பிக்கப் வண்டிக்குப் பின்னால் பூட்டி, அவரவர் ஊருக்கு வடக்கே இழுத்துப் போகிற மாதம் அது. "காத்து எவ்வளவு வெச்சிருக்கே?" என்பதுதான் அப்போது எங்கள் நலம் விசாரிப்பு.

அந்த ஆண்டு என் பக்கத்து இடத்துக்காரர் ஓரின் தன் டயரைப் பார்க்கவில்லை. முன்பெல்லாம் மார்ச் மாதமே தரையில் விரிப்பைப் போட்டுப் படுத்து, சக்கரத்தின் உள்பக்கம் வரை டார்ச் அடித்துப் பார்ப்பவர் அவர். இப்போது படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இதயம் தளர்ந்துவிட்டது. அடுத்த குளிர்காலத்தை நம்பித் திட்டம் எதுவும் போட வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். முகாமில் எல்லோருக்கும் இது தெரியும். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அவருக்கும் அவர் மனைவி ஆர்லிஸுக்கும் அந்த டிரெய்லரைத் தவிர வேறு வீடு கிடையாது. மினசோட்டாவில் இருந்த பண்ணை வீட்டை விற்றுவிட்டுச் சாலைக்கு வந்தவர்கள். இப்போது ஓரின் ஒரு முடிவு எடுத்திருந்தார். மகன் கர்ட்டின் ஊருக்குப் போய், அவன் வீட்டின் பின்புறம் டிரெய்லரை நிறுத்திவிடுவது. தன் காலத்துக்குப் பிறகு அதை விற்றுவிட்டு, ஆர்லிஸ் மகன் வீட்டு அடித்தள அறையில் இருந்துகொள்வது. இதை என்னிடம் சொன்னார், கர்ட்டிடம் சொன்னார், ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு வருகிற போதகரிடமும் சொன்னார். ஆர்லிஸிடம் கேட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆர்லிஸ் வழிபாட்டில் பியானோ வாசிப்பவர். பாட்டுக்கு முன்னால் விரலை வைத்துக்கொண்டு சற்றுக் காத்திருப்பதைப் போலவே, பேச்சுக்கு முன்னாலும் காத்திருப்பார்.

"வெண்டல், சூயி கடை வரைக்கும் கூட வர்றியா?" என்று ஒரு காலையில் ஓரின் கேட்டார். "டிரெய்லரையே பூட்டிக் கொண்டுபோயிடலாம். எனக்கு ஜாக்கி போட முடியாது."

"நான் போடுறேன்ப்பா. இதுக்கு எதுக்குக் கடை?"

"நீ போட்டா வீடு குடை சாஞ்சிரும்."

கடையின் சொந்தக்காரர் சூயி, எல்லைப் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் டிரெய்லரைச் சுற்றி வந்தார். டயரின் பட்டன் வரிகளெல்லாம் ஆழமாக, புதுசு போல இருந்தன. ஆனால் கட்டை விரலை எச்சில் தொட்டு டயரின் பக்கவாட்டில் தேய்த்தபோது, காய்ந்த ஏரித் தரை மாதிரி மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன.

"ஐயா, இது ஓடித் தேயலை, நின்னே கிழடாயிருச்சு," என்றார் சூயி. "நடுவழியில வெடிச்சா வண்டித் தரையையே பிச்சுக்கிட்டுப் போயிரும். அஞ்சையும் மாத்துங்க, ஸ்டெப்னியையும் சேர்த்து."

"தெரியும். மலிவா என்ன இருக்கு?"

சூயி இரண்டு வகையைக் காட்டினார். ஒன்று மெலிசானது, லோடு தாங்கும், அவ்வளவுதான். மற்றது கனமானது. "டிரெய்லர் டயருக்கு மைல் கணக்கு இல்லை ஐயா, வயசுக் கணக்குதான். இது ரெண்டு வருஷம். அது ஆறு வருஷம், நிழல்ல நிறுத்தினா. நீங்க இன்னும் எத்தனை வருஷம் ஓட்டுறதா இருக்கீங்க?"

அவர் எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான் அது. ஓரின் டயரைப் பார்த்தபடியே, "இந்த ஒரு தடவைதான். மினசோட்டா வரைக்கும்," என்றார்.

கூட வந்திருந்த ஆர்லிஸ் வண்டியிலிருந்து இறங்கி எங்களுக்குப் பின்னால் வந்து நின்றிருந்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். சூயிதான் நிலைமையைப் புரிந்துகொண்டு தொண்டையைக் கனைத்தார். "எதுவா இருந்தாலும், எடை போடாம நான் டயர் விக்கிறதில்லை. பக்கத்து வெங்காயக் கிடங்குல எடைமேடை இருக்கு. ஒரு சுத்து போயிட்டு வந்துருங்க."

எடை போடுவது ஆர்லிஸின் வேலை. ஒவ்வொரு வசந்தத்திலும் எடைமேடையில் அவர்களுக்குள் ஒரு சண்டை நடக்கும். உன் ஊறுகாய், ஜாம் ஜாடிகளால்தான் வண்டி கனக்கிறது என்பார் ஓரின். உன் இரும்புச் சாமான்களால்தான் என்பார் ஆர்லிஸ். முன்பக்கப் பெட்டியறையில் ஓரின் ஒரு பட்டறையே வைத்திருந்தார்: சின்னக் கடைசல் இயந்திரம், பட்டடைக் கல், வெல்டிங் பெட்டி, உளிகள்.

வெங்காய அறுவடை உச்சத்தில் இருந்தது. லாரிகளுக்கு நடுவே ஓரினின் டிரெய்லர் மேடையில் ஏறி நின்றது. காற்றில் வெங்காயத் தோல் பறந்துகொண்டிருந்தது. ஆர்லிஸ் கிடங்கின் சன்னலில் எடையைக் கேட்டுவிட்டு, மறுபடி ஒருமுறை கேட்டார். பிறகு எங்களிடம் வந்தார்.

"போன வருஷத்தைவிட ஐநூறு பவுண்டுக்கு மேல குறையுது."

"மேடை பழுதா இருக்கும்," என்றார் ஓரின்.

"மேடை சரியாத்தான் இருக்கு. என் ஜாடியெல்லாம் அப்படியேதான் இருக்கு ஓரின். நான் எதையும் எடுக்கலை."

அவர் நேராக முன்பக்கம் போய்ப் பெட்டியறையின் கதவைத் திறந்தார். உள்ளே தண்ணீர்க் குழாய் ஒன்று சுருட்டி வைத்திருந்தது. வேறு எதுவும் இல்லை.

எனக்கு முகம் சுட்டது. போன மாதம் ஓரின் தன் வைஸை, அந்தக் கனமான இரும்பு இடுக்கியை, என் மேஜையில் கொண்டுவந்து வைத்து, "எனக்கு இன்னொண்ணு இருக்கு, வெச்சுக்கோ," என்றிருந்தார். பட்டடைக் கல் எதிர்வரிசைக் கனடாக்காரரிடம் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். எல்லோரும் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டிருக்கிறோம். யாருக்கும் கூட்டிப் பார்க்கத் தோன்றவில்லை.

பின்னால் நின்ற லாரிக்காரர் ஒருமுறை ஹாரன் அடித்தார். ஆர்லிஸ் திரும்பிப் பார்த்தார். அந்த மனிதர் அவர் முகத்தில் என்ன கண்டாரோ, எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி, தனக்குப் பின்னால் இருந்தவர்களுக்கும் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"எல்லாத்தையும் குடுத்துட்டியா?" என்று கேட்டார் ஆர்லிஸ்.

"பின்னாடி உனக்கு வேலை வைக்கக் கூடாதுன்னு பார்த்தேன். என் அம்மா என் அப்பாவோட கொட்டகையை ஒழிச்சப்ப நான் கூட இருந்தேன். ஒவ்வொரு சுத்தியலுக்கும் அழுதாங்க. நீ அப்படி…" மூச்சு முட்டி நிறுத்தினார்.

"எனக்காகத்தான் செஞ்சே."

"ஆமா."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?"

அன்பினால் செய்கிற காரியத்திலும் அடுத்தவரைக் கேட்காமல் விட்டுவிடுகிறோம். கேட்டால் மறுத்துவிடுவார்களோ என்று பயம். எனக்கும் அந்தப் பயம் பழக்கமானதுதான்.

கடைக்குத் திரும்பியதும் ஆர்லிஸ் சூயியிடம் நேராகப் போனார். "அந்த ஆறு வருஷத்து டயர். அஞ்சு வேணும்."

"கர்ட் வீட்டுக் கொல்லையில நிக்கப்போற வண்டிக்கு எதுக்கு அது?" என்றார் ஓரின்.

"அது அங்கயே நின்னுடாது. நீ இருக்கிற வரைக்கும் நிக்கும். அப்புறம் அக்டோபர்ல நான் இங்க திரும்பி வருவேன்."

"யாரு இழுத்துட்டு வருவா?"

"நான்."

"நீ ஒரு தடவைகூட ரிவர்ஸ் எடுத்ததில்லையே ஆர்லிஸ்!"

"எதுக்கு ரிவர்ஸ் எடுக்கணும்? முன்னாடி நுழைஞ்சு முன்னாடியே வெளிய போற இடம் எல்லா முகாம்லயும் இருக்கு. அதுல நிறுத்திக்கிறேன். நாப்பது வருஷமா நீ ரிவர்ஸ் எடுக்கிறப்ப பின்னாடி நின்னு கை காட்டினது நான்தான். எத்தனை தடவை மரத்துல இடிச்சே?"

"மூணு."

"அஞ்சு," என்றேன் நான். என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

ஓரின் சிரிக்கவில்லை. "தனியா இருப்பியே."

"தனியா எங்க இருக்கேன்? பக்கத்துல வெண்டல் இருக்கார். அவர் வாயை மூடினா அதுதான் அதிசயம்." பிறகு குரல் இறங்கியது. "கர்ட் நல்ல பையன். ஆனா அந்த அறையில சன்னல் தரையோட தரையா இருக்கு ஓரின். புல்லோட வேர்தான் தெரியும். அது அவங்க வீடு. இது என் வீடு. நீ எல்லாத்தையும் குடுத்துட்டே, சரி. இதைக் குடுக்காதே."

ஓரின் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார். பிறகு சுவரில் அடுக்கியிருந்த கனமான டயர்களை நோக்கி மெதுவாக நடந்தார். முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டயரின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் தேதி எண்ணை விரலால் தடவிப் படித்தார். அடுத்ததைப் படித்தார். ஒவ்வொன்றுக்கும் நடுவே மூச்சுக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. உதவப் போன என்னைக் கையை ஆட்டி விலக்கினார்.

"இது வேண்டாம் சூயி."

"ஏன் ஐயா? புத்தம் புதுசு. கடைக்குள்ள நிழல்லயே இருந்தது."

"செஞ்சு ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது. இவ ஆறு வருஷம் ஓட்டணும். அதுல ஒரு வருஷத்தை இங்க சுவத்துல சாத்தியே போக்கிட்டே."

ஆர்லிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சூயி பேரம் பேசவில்லை, வாதாடவும் இல்லை. பக்கத்து ஊரில் கடை வைத்திருந்த தன் மைத்துனருக்கு ஃபோன் போட்டு, அங்கே வந்திருந்த சரக்கின் தேதிகளை ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னார். ஸ்பானிய மொழியில் மைத்துனர் ஏதோ திட்டுவது எங்கள் காதிலும் விழுந்தது. சூயி சிரித்துக்கொண்டே வண்டிச் சாவியை எடுத்தார். "பிப்ரவரியில செஞ்சது அஞ்சு இருக்காம். நானே போய் எடுத்துட்டு வரேன். ஒரு மணி நேரம் உக்காருங்க." போன வழியில் மெல்லிய ரொட்டியில் முட்டை வைத்து மடித்த டாக்கோக்களை வேறு எங்களுக்கு வாங்கி அனுப்பினார். அன்றைக்கு அவருக்கு எத்தனை வேலை காத்திருந்தது என்பது கடை வாசலைப் பார்த்தாலே தெரிந்தது.

சாயங்காலத்துக்குள் டயர்கள் ஏறிவிட்டன. சூயி திருகு ஸ்பேனர் ஒன்றை ஆர்லிஸிடம் கொடுத்து, "அம்மா, புதுச் சக்கரம் ஐம்பது மைல் ஓடினதும் நட்டு கொஞ்சம் இளகும். நிறுத்தி ஒவ்வொண்ணா இறுக்கணும். வட்டமாப் போகக் கூடாது, எதிரெதிரா. போதுமான அளவு இறுகினா இதுவே டக்குனு சொல்லும்," என்றார். ஆர்லிஸ் இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார். டக்.

இரண்டு நாள் கழித்து விடிந்ததும் புறப்பட்டார்கள். வாசலில் எல்லோரும் கைகோத்து நின்றோம். போதகர் வழிக்காக ஜெபித்தார். ஓரின் வழக்கமாக ஏறும் பக்கம் போய், கதவின் பிடியில் கை வைத்து, பிறகு சுற்றிக்கொண்டு மறுபக்கம் ஏறினார். ஆர்லிஸ் ஓட்டினார். நான் என் வண்டியில் பின்னால் போனேன். ஐம்பது மைல் வரைதான் என்று என் மனைவியிடம் சொல்லியிருந்தேன். அந்தச் சாலையில் அவ்வளவு மெதுவாக யாரும் போய் நான் பார்த்ததில்லை. டிரெய்லர் ஒரு தடவைகூடச் சாலையின் கோட்டைத் தாண்டவில்லை.

மாட்டுப் பண்ணைகளுக்கு நடுவே ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினார். நேராக நுழைந்து நேராக வெளியே போகிற இடம் பார்த்துத்தான். நான் இறங்கினேன். "நான் இறுக்கட்டுமா?" என்றேன்.

"நீங்க சும்மா நில்லுங்க வெண்டல். அதுவே பெரிய உதவி."

அவர் குந்தி உட்கார்ந்து, எதிரெதிராக, ஒவ்வொரு நட்டாக இறுக்கினார். டக். டக். ஓரின் சன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தூங்குகிறார் என்றே நினைத்தேன். நான்காவது சக்கரம் முடிந்து ஆர்லிஸ் எழுந்தபோது, "கடைசிச் சக்கரத்துல ஒரு டக் குறையுது, ஒண்ணு விட்டுட்டே," என்றார்.

ஆர்லிஸ் மறுபடி குந்தி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஒன்று விட்டுத்தான் போயிருந்தது. இறுக்கினார். டக்.

"இப்ப?"

"இப்ப சரி."

நான் ஓரினின் சன்னலருகே போனேன். எங்கள் ஊரில் இந்த மாதிரி நேரத்தில் வானிலையைப் பற்றிப் பேசுவோம். "ஓக்லஹோமாவுல காத்து அதிகமா இருக்குமாம்," என்றேன்.

"இருக்கட்டும். மெதுவாத்தான் போவா," என்றார். என் கையைப் பிடித்தார், விட்டார்.

ஆர்லிஸ் ஏறி உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, பின்னால் வருவதைக் காட்டும் வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். முகாமில் கிளம்பியதிலிருந்து அது ஓரினின் உயரத்துக்குத் திருப்பி வைத்தபடியே இருந்திருக்கிறது. ஐம்பது மைலும் கழுத்தை எட்டி எட்டிப் பார்த்தே ஓட்டியிருக்கிறார். சொல்லவில்லை.

ஓரின் கையை வெளியே நீட்டினார். விரல்களால் கண்ணாடியை மெல்லத் திருப்பினார்.

"இன்னும் கொஞ்சம் கீழ," என்றார் ஆர்லிஸ். "கொஞ்சம் வெளிய. அவ்வளவு இல்லை. ஆங்."

"டயர் தெரியுதா?"

"தெரியுது."

அவர் கையை உள்ளே இழுத்துக்கொண்டார். வண்டி கிளம்பியது.