பின்னால் ஓடுகிறவள்

1

இந்தக் கதை எனக்கு ஒரு பஸ்ஸில் கிடைத்தது. பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வரும் காலை பஸ். புத்தூரைத் தாண்டும்போது றோட்டோரத்தில் ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான். தொப்பியைக் கண்வரை இழுத்து விட்டிருந்தான். அவனுக்குப் பின்னால், சல்வாரின் சால்வையை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஒரு பெண் ஓடி வந்தாள்.

பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் ஒரே எண்ணம்தான் வந்தது: அவன் எதையோ பறித்துக்கொண்டு ஓடுகிறான், அவள் விரட்டிக் கலைத்துக்கொண்டு போகிறாள். சாரதி வேகத்தைக் குறைத்தார். கொண்டக்டர் மிதிபலகையில் நின்றபடி கேட்டார்:

"அக்கா, என்னத்தைப் பறிச்சவன்? பிடிக்கட்டோ?"

அவள் நிற்கவில்லை. மூச்சு வாங்கியபடியே சொன்னாள்:

"ஒண்டும் பறிக்கேல்லை, தம்பி. அவர் என்ரை மனுசன். நாங்கள் ஓடுறம்."

சிலர் சிரித்தார்கள். பஸ் அவர்களைக் கடந்து போனது.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இனி வருவதெல்லாம் நான் உண்டாக்கியது. அவளுக்கு வசந்தினி என்று பெயர் வைத்தேன், அவனுக்குப் பிரகலாதன். ஏன் ஓடுகிறார்கள் என்பதற்கு, முதலில் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, என்று காரணம் எழுதினேன். ஆனால் சீனி வருத்தத்துக்கு ஓடுகிறவன் முகத்தை மறைக்கமாட்டான்.

2

முதல் தொடக்கம்: "வடகடல் அன்று கண்ணாடிபோலக் கிடந்தது. பிரகலாதன் தன் கட்டுமரத்தை—"

விட்டுவிட்டேன். அவனிடம் கட்டுமரம் இல்லை. கதை தொடங்கும்போது அவன் கடலிலும் இல்லை.

இரண்டாவது: "போதை என்னும் அரக்கன் எம் இளைஞரை—"

இது சுவரொட்டி.

மூன்றாவது, நான் வைத்துக்கொண்டது:

வசந்தினிக்குக் கடலில் பயமில்லை. தகப்பனும் அண்ணை கஜானனும் புருசனும் கடலுக்குப் போய் வந்தவர்கள். அவள் பயந்தது கரைக்கு. வலை இழுக்கும்போது பிரகலாதனுக்குத் தோள்மூட்டு விலகியது. நோவுக்கு இதைப் பார் என்று ஒரு கூட்டாளி கரையில் வைத்துப் போதைத் தூள் கொடுத்தான். நோ போய்விட்டது, தூள் போகவில்லை. போகப் போக அவனைத் தன் வள்ளத்தில் ஏற்ற கஜானன்கூட மறுத்துவிட்டான்.

சிகிச்சை நிலையமொன்றில் சில மாதம் இருந்து, மருந்தோடு அவன் வெளியே வந்தான். பழைய கூட்டாளிகளின் முகம் படாத இடம் வேண்டுமென்று வசந்தினி புத்தூரில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்தாள். பிள்ளைகள் இல்லை. வீடு, ஆழ்வாப்பிள்ளை என்ற வெங்காயத் தோட்டக்காரரின் வளவுக்குள் இருந்தது. வாழைக்குலை பொதிசெய்யும் இடமொன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சுற்றிவரச் செம்மண், வாழை, புகையிலை. அலையில் நின்று பழகிய உடம்பு நாள்முழுக்கக் கதிரையில் கிடந்தது. கால்கள் மட்டும் தம்பாட்டில் ஆடிக்கொண்டிருந்தன.

3

கிளினிக்கில் டொக்டர் லவீனா கேட்டார்:

"நித்திரை எப்பிடி?"

"இல்லை."

"பகலிலை என்ன செய்யிறியள்?"

"இருக்கிறன்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். "விடிய எழும்பி ஓடிப் பாருங்கோவன்."

"நான் என்ன, பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டிக்கே போறன்?"

"ஓட்டம் மருந்தில்லை. மருந்தை ஒரு நாளும் விடக்கூடாது. ஆனா அந்த ஆசை வரேக்கை, கொஞ்ச நேரம் உச்சத்திலை நிண்டிட்டு இறங்கும். அந்த நேரத்திலை உடம்புக்கு ஒரு வேலை இருந்தா நல்லது. நித்திரையும் வரும். சிலருக்கு உதவுது."

"எல்லாருக்கும் இல்லையோ?" என்று வசந்தினி கேட்டாள்.

"எல்லாருக்கும் எண்டு சொன்னா அது பொய்."

(அடிக்குறிப்பு போல ஒன்று: இந்த இடத்துக்காக நானும் கொஞ்சம் வாசித்தேன். கூண்டுச் சக்கரத்தில் ஓடவிட்ட எலிகள் போதைப்பொருளைக் குறைவாகத் தேடினவாம். மனிதரிடம் செய்த ஆய்வுகள் சின்னவை. மனநிலை தெளிகிறது, நித்திரை சீராகிறது, ஆசை சற்றுத் தணிகிறது என்கின்றன. வாசித்த எல்லாவற்றிலும் கடைசி வரியில் 'இருக்கலாம்' என்ற சொல் நின்றது. ஆய்வு எழுதுகிறவர் 'இருக்கலாம்' என்று முடித்துவிட்டு எழுந்து போகலாம். அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அதோடு சீவிக்க வேண்டியவள் வசந்தினி.)

4

முதல் நாள் அவன் தனியாகத்தான் போனான். கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் அவனை மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து வளவு வாசல் படலையில் இறக்கினார்கள். அந்தக் கிழமைதான் ஒரு தோட்டத்தில் தண்ணி மோட்டர் களவு போயிருந்தது. இவனோ ஊருக்குப் புதியவன், மெலிந்தவன், விடியற்காலையில் ஓடுகிறவன். அவர்கள் அடிக்கவில்லை.

"உங்கடை ஆளோ எண்டு கேட்டுப்போட்டுப் போவம் எண்டுதான்," என்று ஆழ்வாப்பிள்ளையிடம் சொன்னார்கள்.

ஆழ்வாப்பிள்ளை அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஓம், என்ரை வளவிலை இருக்கிற ஆள்தான்," என்றார்.

பிரகலாதன் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான்.

"இனி ஏலாது," என்றான் வசந்தினியிடம். "நான் நடந்தா வாங்கப் போறன் எண்டுவினம். ஓடினா எடுத்துக்கொண்டு ஓடுறன் எண்டுவினம்."

"அப்ப நானும் வாறன். பின்னாலை ஒரு பொம்பிளை வந்தா மறிக்கமாட்டினம்."

"நீ ஓடுவியோ?"

"தெரியாது."

[இங்கே, வசந்தினி பள்ளிக்கூடக் காலத்தில் ஓட்டவீராங்கனை என்று ஒரு பந்தி எழுதினேன். வாசிக்க நன்றாக இருந்தது. ஆனால் அவள் அப்படியானவளாகத் தெரியவில்லை. பள்ளி விளையாட்டுப் போட்டியில் ஓடிவருகிறவர்களுக்குக் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தவள் என்று மாற்றிக்கொண்டேன்.]

அடுத்த நாள் செருப்போடு ஓடினாள். முதல் மதகில் விலாவைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள். முன்னால் போனவன் திரும்பி வந்து பார்த்தான். அவளுடைய முகம் செம்பரத்தம்பூப் போலச் சிவந்திருந்தது. அவன் சிரித்தான். அந்த வீட்டுக்கு வந்தபிறகு அவன் சிரித்து அவள் காண்பது அதுதான் முதல்முறை. அதற்காகவே மறுநாளும் ஓடினாள்.

ஊர் பேசாமல் இருக்குமா? ஆழ்வாப்பிள்ளை ஒரு பின்னேரம் கேட்டார்:

"என்ன பிள்ளை, புருசனைக் கலைச்சுக்கொண்டு திரியிறியாம்?"

"ஓம் ஐயா. இன்னும் பிடிபடேல்லை."

அவர் யோசித்துவிட்டு, "செருப்போடை ஓடாதை. கால் மடங்கும்," என்றார். சம்பளம் வந்தபோது அவள் கோப்பாயில் ஒரு கடையில் கன்வஸ் சப்பாத்து வாங்கினாள்.

5

இந்தப் பகுதியைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். நல்ல காலத்தைப் பற்றி எழுத எனக்கு வருவதில்லை.

அவனுக்கு நித்திரை வந்தது. பசி வந்தது. ஆசை வரும் நாளில் அவன் ஒன்றும் சொல்லமாட்டான், வேகத்தைக் கூட்டுவான். அவள் பின்னாலிருந்து அவனுடைய மூச்சைக் கேட்டே அதை அறியப் பழகிக்கொண்டாள். ஓடும்போது நீளமாகக் கதைக்க ஏலாது. மூச்சு விடுகிற இடைவெளியில் எது அடங்குமோ அதைத்தான் சொல்லலாம். வீட்டில் இருந்து சொல்ல முடியாமல் போனவற்றை அவன் அப்படித்தான் சொன்னான்.

"உன்ரை தாலிக்கொடி."

"தெரியும்."

"அடகில்லை. வித்தனான்."

"அதுவும் தெரியும்."

பிறகு இருவரும் வெகுதூரம் ஓடினார்கள். அவள் பின்தங்கவில்லை.

தங்கச்சி சொன்னதைக் கேட்டு கஜானன் போன் எடுத்தான். பெடியன் இப்படியே இருந்தால் அடுத்த தொழில் காலத்துக்கு வள்ளத்தில் ஏற்றலாம் என்றான். பிரகலாதன் அன்று முழுக்க வளவுக்குள் நடந்து திரிந்தான். வசந்தினி போனில் சொன்னபோது டொக்டர் மட்டும், "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பம்," என்றார்.

மறுநாள் காலையில் அவன் வழமையைவிட வேகமாக ஓடினான். வாழைத் தோட்டத்து வளைவில் அவனுடைய முதுகு மறைந்தது. வசந்தினி வளைவுக்கு வந்தபோது றோட்டில் யாரும் இல்லை.

6

அவன் மத்தியானம் திரும்பி வந்தான். அவள் அவனுடைய கண்ணைப் பார்த்தாள். தூள் எடுத்த நாட்களில்போலக் கண்மணி ஊசிமுனையளவு சுருங்கியிருந்தது. அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கத் தேவையிருக்கவில்லை. ஆனாலும் கேட்டாள்.

"ஏன்?"

(ஏன் என்று நீங்களும் கேட்பீர்கள். பழைய கூட்டாளி வழியில் மறித்தான் என்று ஒருமுறை எழுதினேன். தோள் நொந்தது என்று ஒருமுறை. ஆழ்வாப்பிள்ளை குத்திக் கதைத்தார் என்றும் எழுதிப் பார்த்தேன். பாவம், அவர் அப்படியானவர் இல்லை. மூன்றையும் வெட்டினேன். அவன் சொன்னதாக எனக்குக் கேட்டது இதுதான்.)

"ஒண்டுமில்லை, வசந்தி. நேற்று நல்லாய் இருந்தது. அவ்வளவு நல்லாய் இருந்தது. அதாலைதான் போலை."

அவள் அவனைத் திட்டவில்லை. டொக்டர் முன்பு சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது: விட்டிருந்தவன் திரும்பப் பழைய அளவுக்கு எடுத்தால் மூச்சே நின்றுவிடலாம், நித்திரை என்று நினைத்து விட்டுவிடக்கூடாது, எழுப்பி எழும்பாவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. அவள் வேலைக்குப் போகாமல் பக்கத்தில் இருந்தாள். அவன் கண்ணயர்ந்த போதெல்லாம் தட்டி எழுப்பிப் பேர் கேட்டாள். அவனுடைய மூச்சு எப்படி இருக்கவேண்டும் என்பது அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும். நடுவில் ஒருமுறை அது மெதுவானபோது, போனைக் கையில் எடுத்துக்கொண்டு அவனைப் பலமாக உலுக்கினாள். "இருக்கிறன்," என்றான் அவன்.

7

விடிந்தது. ஓடுகிற நேரம்.

முடிவு அ: அவள் அவனைத் தண்ணி ஊற்றி எழுப்பி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுகிறாள். கண்ணீர். சூரியோதயம். (வேண்டாம். பயிற்சி எல்லாவற்றையும் தீர்க்கும் என்று நம்புகிறவர்களின் கதை அது.)

முடிவு ஆ: அவள் பையை அடுக்கிக்கொண்டு தாய்வீட்டுக்கு பஸ் ஏறுகிறாள். (ஏற்றிப் பார்த்தேன். ஏறுகிறாள்தான். அடுத்த தரிப்பில் இறங்கிவிடுகிறாள்.)

முடிவு இ: "வசந்தினி சப்பாத்துகளை எடுத்துக் கிணற்றுக்குள்—"

இல்லை. அவள் செய்தது வேறு. ஆழ்வாப்பிள்ளையைக் கூப்பிட்டு, "ஐயா, இவருக்குச் சுகமில்லை. நான் வருமட்டும் இதிலை இருந்து பாக்கிறியளோ? கண்ணயர்ந்தா எழுப்புங்கோ," என்றாள். அவர் என்ன ஏது என்று கேட்காமல் கதிரையை இழுத்துப் போட்டு வாசலில் இருந்தார். அவள் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு படலையைத் திறந்தாள்.

முன்னால் முதுகு இல்லாமல் ஓடுவது முதலில் சரிவரவில்லை. எந்த வேகத்தில் போவதென்று தெரியவில்லை. முதல் மதகைத் தாண்டும்போது அழுகை வந்தது. அழுதுகொண்டு ஓடினால் மூச்சு போதாது, ஆகவே அழுகையை விட்டாள். எப்போதும் திரும்பும் இடம் வந்தது. திரும்பவில்லை. ஆவரங்கால் வரை போனாள். அங்கே முழங்காலில் கைகளை ஊன்றி நின்றபோது, மூச்சு மெல்ல மெல்ல அவளிடமே திரும்பி வந்தது. இவ்வளவு காலமும் அவனுடைய மூச்சைத்தான் கேட்டிருந்தாள். தன்னுடையது இத்தனை சத்தமானது என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

[இந்த இடத்தில்தான் நான் எழுதுவதை நிறுத்தி, முதல் பக்கத்துக்குப் போய்த் தலைப்பை மாற்றினேன். அதுவரை தலைப்பு அவனைப் பற்றியது.]

அவள் திரும்பி வந்தபோது பிரகலாதன் சுவரில் சாய்ந்து குந்தியிருந்தான். ஆழ்வாப்பிள்ளை எழுந்து போனார்.

"எங்கை போனனீ?"

"ஓடப் போனனான்."

"என்னை விட்டிட்டோ?"

"ஓம்."

அவன் சுவரைப் பிடித்து எழுந்தான்.

"வெளிக்கிடுங்கோ," என்றாள். "டொக்டரிட்டைப் போகவேணும். நடந்ததை நீங்கள்தான் சொல்லவேணும். நான் சொல்லமாட்டன்."

8

அவன் சொன்னான். நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான், ஆனால் முழுவதையும் சொன்னான். டொக்டர் லவீனா மருந்தின் அளவை மாற்றினார். இப்படி நடப்பது உண்டு என்றார், முதலிலிருந்து தொடங்குகிறோம் என்று நினைக்கவேண்டாம் என்றார். பிறகு வசந்தினியின் பக்கம் திரும்பினார்.

"நீங்கள் எப்பிடி?"

"நான் மருந்தெடுக்கிற வருத்தக்காரி இல்லையே."

"தெரியும். கேட்டனான்."

வசந்தினி இதற்கு ஆயத்தமாக வரவில்லை.

"ஓடுறன்," என்றாள். "இவர் வந்தாலும் ஓடுவன். வராட்டிலும் ஓடுவன்."

பக்கத்துக் கதிரையிலிருந்த பிரகலாதன் அதைக் கேட்டான். கால் ஆடுவது நின்றது.

வீட்டுக்கு வந்ததும் கஜானனுக்கு அவளே போன் எடுத்தாள். இந்தமுறை வள்ளம் வேண்டாம், வேறு ஆளைப் பாருங்கோ என்றாள். பிரகலாதன் சண்டை பிடிக்கவில்லை. கிணற்றடியில் போய் வெகுநேரம் நின்றான்.

மறுநாள் விடிகிறது. உள்ளே அவன் விழித்துப் படுத்திருக்கிறான். வெளியே வசந்தினி சப்பாத்துக் கயிற்றை முடிந்துகொண்டிருக்கிறாள். அவன் எழும்பி வருவானா, வந்தால் எவ்வளவு நாளைக்கு என்பது எனக்குத் தெரியாது. டொக்டருக்கும் தெரியாது. மிச்சத்தை நீங்கள் எழுதலாம். அவனை எழுப்பலாம், படுக்கவும் விடலாம், உங்கள் இஷ்டம். ஒரு நிபந்தனை மட்டும் வைக்கிறேன்.

அவளைப் படலையில் காத்து நிற்க வைக்கக்கூடாது.