நடு மேசையில் மொட்டை மரம்

எங்கள் போன்சாய் மன்றத்தில் ஒரு சட்டம் உண்டு. ஆண்டுக் கண்காட்சிக்கு வந்த மரத்தைப் பார்த்துத் தலைவர் "எடுத்துட்டுப் போங்க" என்று மூன்று தடவை சொல்லிவிட்டால், அந்த மரம் அதற்குப் பிறகு மன்றத்துக்குள் வரவே கூடாது. சட்டத்தை எழுதியவர் தலைவர் சிவநேசன். அந்த வார்த்தையை அவரைத் தவிர வேறு யாரும் சொன்னதில்லை.

என் மரம் ஏற்கெனவே இரண்டு வாங்கியிருந்தது.

நான் புனிதா. கிள்ளானுக்குப் பக்கத்தில், தெலுக் பங்லிமா காராங்கில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிட்டு, எங்கே கசிகிறது என்று பார்ப்பேன். பத்தொன்பது வருடமாக ஓட்டை கண்டுபிடித்துத்தான் சாப்பிடுகிறேன். அதனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காவிட்டாலும் பரவாயில்லை.

என் மரம் அந்திங் புத்ரி என்னும் வகை. வெள்ளைப் பூக்கள் ஜிமிக்கி மாதிரி தலைகீழாகத் தொங்கும். பதினோரு வருடத்துக்கு முன் தொழிற்சாலை வேலியோரம் இயந்திரம் புரட்டிப் போட்ட கட்டையை, பிளாஸ்டிக் பையில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக் கிள்ளானுக்குக் கொண்டுவந்தேன். முதல் தடவை தலைவர், "அடி கொழுத்திருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்றார். நான்கு வருடம் வேர்களைப் பரப்பினேன். இரண்டாம் தடவை, "ஒரு கிளை முன்னால துருத்துது" என்றார். அதையும் கம்பி கட்டி மூன்று வருடம் வளைத்தேன். பெற்ற பிள்ளைக்குக்கூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டேன்.

இந்த வருடம் கூட்டத்தில் ஜெயராஜ் எழுந்து, நடு மேசையில் என் மரத்தை வைக்கலாம் என்றார். லோரி ஓட்டுகிறவர், நல்ல மனிதர். ஆறு கைகள் உயர்ந்தன. பன்னிரண்டு வருடமாக நடுவில் உட்கார்ந்திருந்தது தலைவரின் ஆலமரம். அவர் சிரித்தபடி, "மெம்பர் ஆசை" என்றார். அந்தச் சிரிப்பிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

வழக்கப்படி கண்காட்சிக்கு முந்தின வியாழக்கிழமை எல்லா மரங்களும் கிள்ளானில் அவர் வீட்டுக்குப் போயின. ஞாயிறு காலை எட்டு மணிக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் கண்காட்சி மண்டப வாசலில் ஜெயராஜின் லோரி வந்து நின்றது. தார்ப்பாயை விலக்கினேன்.

என் மரத்தில் ஓர் இலை இல்லை. பூ இல்லை. மொட்டில்லை.

எனக்கு அழுகை வந்தது. அதை விழுங்கிவிட்டேன்.

"பூச்சி வந்திருச்சு புனிதா" என்றார் தலைவர், செய்தித்தாள் படிப்பவர் மாதிரி. "மத்த மரத்துக்குப் பரவக் கூடாதுன்னு இலையெல்லாம் நானே எடுத்துட்டேன். நல்லதுக்குத்தான்."

தொழிற்சாலையில் ஓட்டை பார்க்கும் பூதக்கண்ணாடி எப்போதும் என் கைப்பையில் இருக்கும். எடுத்துக் கிளை கிளையாகப் பார்த்தேன். கடித்த தடம் இல்லை, கூடு இல்லை. ஒவ்வொரு காம்பும் கத்தரியால் நேராக வெட்டப்பட்டிருந்தது. பூச்சிக்குக் கத்தரி பிடிக்கத் தெரியாது.

"உள்ள கொண்டு போய் வைக்கிறேன்" என்றேன்.

"மொட்டை மரத்தையா? பத்து மணிக்கு ஜனங்க வருவாங்க. செத்த மரம்னு சிரிப்பாங்க. நீங்க..."

"எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லப் போகிறார். மூன்றாவது. பதினோரு வருடம் அந்த இரண்டு சொல்லில் முடிந்துவிடும். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் மரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்து, நடு மேசையில் நங்கென்று வைத்தேன். பதினான்கு கிலோ. முதுகு இன்னும் வலிக்கிறது.

மற்றவர்களும் தங்கள் மரங்களை இறக்கி மேசையில் வைத்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். தலைவரும் ஆலமரத்தைக் கொண்டுவந்து மேசை ஓரத்தில் வைத்தார்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் கண்காட்சியில் தண்ணீர் ஊற்றும் முறை எனக்கு வந்தது. தலைவரின் ஆலமரத்து இலைக்குள் கை போனது. எல்லோரும் வாய் பிளக்கும் அந்த இடது கிளை, கிளையே இல்லை. பின்னால் நட்ட இன்னொரு செடியை வளைத்து, பச்சைக் கம்பியால் தண்டோடு கட்டியிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. நான் வாயைத் திறக்கவில்லை. பயம்தான், வேறென்ன? என் மரத்துக்கு மூன்றாவதும் விழுந்துவிடுமே என்ற பயம்.

இன்று அந்தப் பயம், லோரியில் மொட்டை மரத்தைப் பார்த்தபோதே இறங்கிப் போய்விட்டது.

"நல்லாப் பாருங்க" என்றேன் எல்லோரிடமும். "வேர் எப்படிப் போகுது, கிளை எங்க பிரியுது, எங்க வெட்டினேன், எங்க ஆறுச்சு. எல்லாம் தெரியுதா? இலை இல்லாத மரத்துல எதையும் ஒளிக்க முடியாது. தலைவர் எனக்கு உபகாரம்தான் பண்ணியிருக்காரு."

தலைவரைப் பார்த்துச் சொன்னேன்: "மேசையில ஒம்பது மரம் இருக்கு. பூச்சின்னா எல்லாத்துக்கும் பரவியிருக்கும்ல? ஒம்பதையும் உரிச்சிருவோமா?"

அவர் முகத்தில் ரத்தம் இல்லை. "பைத்தியமா உங்களுக்கு?"

ஜெயராஜ் என் மரத்தைக் குனிந்து பார்த்தார். வெட்டிய காம்புகளை விரலால் தடவினார். பிறகு கத்தரியை எடுத்துத் தன் காகிதப்பூ மரத்தின் முதல் இலையை வெட்டினார். "என் மரமும் ரெண்டு வாங்கியிருக்கு லா" என்றார்.

பள்ளி கெண்டீனில் சமைக்கும் லோகேஸ்வரி முந்தானையைச் செருகிக்கொண்டாள். "எனக்கும் ரெண்டுதான் அக்கா. அந்தக் கத்தரியக் குடுங்க." அவளுடைய கெமுனிங் மரத்தில் இலை ஆயிரம் இருக்கும். அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. மண்டபத்தில் கத்தரிச் சத்தம் மட்டும்தான். ஒருவர் தயங்கினார், தலைவரைப் பார்த்தார், பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு அவரும் ஆரம்பித்தார். தரையெல்லாம் பச்சை.

பத்து மணிக்குக் கதவைத் திறந்தபோது லோகேஸ்வரியின் மரம் பாதிதான் உரிந்திருந்தது, அவசரமாக முடி வெட்டிய தலை மாதிரி. அவள் கவலைப்படவில்லை. வருகிறவர்களை நிறுத்தி, "இந்தப் பக்கம் பொய், இந்தப் பக்கம் நெசம்" என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. முகத்தைக் கிட்டே கொண்டுபோய்க் கிளைகளை எண்ணினார்கள். என் மரத்தின் ஆறிய காயத்தைக் காட்டி ஒருவர், இது எத்தனை வருடம் என்று கேட்டார். சொன்னேன்.

மேசை ஓரத்தில் ஆலமரம் மட்டும் தலை நிறைய இலையோடு நின்றது. கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே வந்திருந்த ஓர் ஆன்டி, நெற்றி நிறைய விபூதியோடு அதன் முன்னால் நின்றார்.

"எல்லா மரத்துக்கும் உள்ள தெரியுது. இதுக்கு மட்டும் ஏன் அண்ணே இலை? உள்ள என்ன இருக்கு?" கேட்டுக்கொண்டே இடது பக்கத்து இலைக்குள் கையை நீட்டினார்.

"தொடாதீங்க!"

தலைவர் கத்திய கத்தலில் மண்டபமே திரும்பியது. எட்டு உறுப்பினர்களும் அவரைப் பார்த்தோம். அவர் எங்களைப் பார்க்கவில்லை. ஆலமரத்தை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார். வாசல் வரை வழிவிட்டார்கள்.

அவருக்கு முன்னால் வாசலுக்குப் போனது நான்தான். ஒதுங்கி, கதவை அகலத் திறந்து பிடித்தேன்.

"எடுத்துட்டுப் போங்க, தலைவரே" என்றேன். "இது முதல் தடவைதான். இன்னும் ரெண்டு இருக்கு."