இக்னேசியஸ் நின்ற இடங்கள்

1

இந்தக் கதை திருட்டுச் சரக்கு. திருகோணமலையில் ஒரு கிளினிக்கில் என் இரத்தப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தபோது சுவரில் ஒரு படம் தொங்கியது. குறுக்கே வெட்டிய இரத்தக் குழாய். அங்கிருந்துதான் எடுத்தேன். இளவயதிலேயே குழாயின் உட்சுவருக்குள் கொழுப்பு குடியேறத் தொடங்கிவிடுமாம். பிறகு அழற்சி, தழும்பு, சுண்ணாம்பு. சுவர் தடிக்கும், வழி ஒடுங்கும். பல வருடங்களுக்கு ஒரு சத்தமும் இராது. அந்தக் கள்ளத்தனம்தான் எனக்கு ஆத்திரமூட்டியது.

(“ஆறு வற்றுவதுபோல அவர் காலில்…” என்று தொடங்கினேன். அடித்துவிட்டேன். ஆறாவது கத்தரிக்காயாவது! கால்தான்.)

2

இக்னேசியசுக்கு வயது ஐம்பத்தெட்டு. உப்புவெளியில், கரையில் நின்று வலை இழுக்கும் ஒரு கரைவலைக் கூட்டத்தின் தலைவர். வலையின் இரண்டு கயிறுகளுக்கும் இடையே கரையோரம் நடந்து, நீரின் நிறம் பார்த்து மீன் நிற்கும் இடம் சொல்வார். அவர் கடலைப் பார்த்து நின்றால் யாரும் வாய் திறக்கக்கூடாது. அது கூட்டத்தின் கட்டுப்பாடு.

சென்ற வருடம் முதல், நூறு எட்டு வைத்தால் வலது கெண்டைக்கால் முறுக்கிப் பிடித்தது. நின்றால் விட்டது. ஆகவே நின்றார், கடலைப் பார்த்தபடி. மனுசன் மீனைக் கண்டுவிட்டார் என்று கூட்டமும் கயிறோடு மூச்சடக்கி நின்றது. மரியாதையும் ஆளைக் கொல்லப் பார்க்கும்! அவருக்கும் அது வசதியாகப் போயிற்று. கால் ஏலாது என்றால் கரையில் யார் மதிப்பார்?

(இங்கே எனக்கே ஆள்மீது சந்தேகம். ஒரு வருடமா ஒளித்தார்? ஒளித்தார். நானும் வீட்டில் சிகரெட்டை ஒளிக்கிறவன்தான்.)

3

ஞாயிறு பூசை முடிந்து மனைவி றோஸுடன் வரும் வழியில் மூன்று தரம் நின்றார்.

“இஞ்சேருங்கோ, எதைப் பாக்கிறீங்கள்?”

“கடலை.”

“இந்த ஒழுங்கையில கடல் எங்க கிடக்கு? மதிலெல்லோ கிடக்கு!”

வசமாக அகப்பட்டுக்கொண்டார்.

“கால் நோகுதப்பா. ஆருக்கும் சொல்லிப் போடாத.”

“டொக்டருக்குச் சொல்லத்தான் போறன். நாளைக்கு வெளிக்கிடுங்கோ.”

4

டொக்டர் கையிலும் கணுக்காலிலும் இரத்த அழுத்தம் அளந்தார். இக்னேசியஸின் சட்டைப் பையிலிருந்த சிகரெட் பெட்டியையும் பார்த்தார்.

“காலுக்கு இரத்தம் போற குழாய் ஒடுங்கியிருக்கு. காலில இருந்தா நெஞ்சிலயும் இருக்கலாம். சிகரெட்டை இண்டைக்கே விடுங்கோ. நான் எழுதித் தாற குளிசையை விடாமப் போடுங்கோ. நோகுமட்டும் நடங்கோ, நிண்டு ஆறுங்கோ, திரும்ப நடங்கோ.”

“நிக்கேக்க கூட்டத்துக்கு என்ன சொல்ல?” என்றார் இக்னேசியஸ். அவருக்கு மாரடைப்பைவிட அந்தக் கேள்விதான் பயமாக இருந்தது.

“உள்ளதைச் சொல்லுங்கோ” என்றாள் றோஸ்.

5

முதல் முடிவு: வலை கரையேறும் நேரம் இக்னேசியஸ் நெஞ்சைப் பிடித்தபடி மணலில்…

இல்லை. எழுதமாட்டேன். வருத்தக்காரன் என்றாலே சாகடிக்கும் கதைகள் போதும்.

இரண்டாவது: மறுநாள் கரையில் கால் பிடிக்கிறது. நிற்கிறார். கூட்டம் மூச்சடக்குகிறது. அவர் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்புகிறார்.

“மீனுமில்லை, ஒண்டுமில்லை! கால் குழாய் ஒடுங்கிப் போச்சு. நோ விடுமட்டும் நிப்பன். கண் நல்லாத்தான் இருக்கு. இழுங்கோடா!”

கூட்டம் இழுத்ததா, சிரித்ததா, வேறு தலைவரைத் தேடியதா? அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மனுசனைச் சாகடித்தே தீருவேன் என்று யாராவது பேனா எடுத்தால், முதலில் றோஸிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.