பெயர் போடாத பங்காளி

'இன்று கடை பூட்டு' என்ற தாளை ஒட்டுவதற்காகப் பேர்ளி குனிந்தபோது, உள்ளேயிருந்து அவள் கணவனின் குரல் கேட்டது.

"செவுள் சிவப்பாய் இருந்தால் மட்டும் ஏத்துங்கோ. போனமுறை வந்த பாரை சரியில்லை."

பேனாட் போன வியாழன் மாரடைப்பில் இறந்துபோனான். இன்று அடக்கம்.

ஷட்டர் பாதி உயர்ந்திருந்தது. உள்ளே, மீன்மேசைக்குப் பின்னால், போனைத் தோளில் இடுக்கியபடி பேனாட்டின் தம்பி செபஸ்டியன் நின்றான். கறுப்புக் கோட்டுக்கு மேல் அண்ணனின் ஏப்ரன், வாயில் அண்ணனின் குரல்.

அந்த மேசைக்குப் பின்னால் அவனை அவள் ஒருநாளும் கண்டதில்லை. அண்ணனும் தம்பியும் சேர்ந்து இந்தக் கடைக்குக் கம்பனி பதியும்போது கணக்காளர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: ஒருவர் நடத்துவார், நட்டம் வந்தால் சொந்த வீடுவரை அவர் பொறுப்பு. மற்றவருக்குப் போட்ட முதலோடு சரி. ஆனால் அவர் பெயர் பலகையில் வரக்கூடாது, வியாபாரத்தில் வாய் திறக்கக்கூடாது. திறந்தால் அவரும் முழுப் பொறுப்பு. செபஸ்டியன் அப்போதுதான் எபினே என்ற ஊரில் வீடு வாங்கியிருந்தான். பேனாட் யோசிக்காமல் நடத்துபவனின் இடத்தில் கையெழுத்துப் போட்டான். அதன்பிறகு தம்பி வந்தால், மற்றவர்களைப் போல வாசலில் நின்று மீன் வாங்கிப் போவான்.

"என்ன செய்யிறீர்?"

"அண்ணையின்ர போன் அடிச்சுக்கொண்டே இருந்தது, அண்ணி."

"ஆர் எண்டு சொன்னனீர்?"

அவன் கத்தியைக் கழுவினான். "பேனாட் எண்டு."

"உம்மட வீடும் போகும். தெரியுமெல்லே?"

"ஓம்."

ஷட்டருக்குக் கீழே ஒரு பெண் தலையை நீட்டினாள். "பேனாட், நெத்தலி இருக்கே?"

"நாளைக்கு வாங்கோ, அக்கா."

அந்த 'அக்கா'வை இழுத்த விதமும் பேனாட்டினுடையது. அந்தப் பெண் அவன் முகத்தை நேரே பார்த்தும் வித்தியாசம் காணாமல் தலையாட்டிவிட்டுப் போனாள்.

பேர்ளி தாளை ஒட்டினாள். தேவாலயத்துக்குப் பெட்டி வந்திருக்கும். முதுகு காட்டி நின்றவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட நினைத்தாள். வாயில் வந்தது கணவனைக் கூப்பிடும் சொல்.

"இஞ்சாருங்கோ, நேரமாச்சு."

"வாறன்."

ஏப்ரனின் முடிச்சை அவிழ்க்கப் போன அவன் கை அங்கேயே நின்றது. அவன் திரும்பவில்லை. அவளும் உள்ளே போகவில்லை. குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.