இல்லாத விளக்கு

அம்மாவின் மூக்குக் குழாயைப் பிடித்திருந்த பிளாஸ்திரியை அவள் மெல்ல உரித்துக்கொண்டிருந்தபோது அப்பா உள்ளே வந்தார். சீருடையின் தோளில் நான்கு கோடுகள். கேப்டனுக்கான நான்காவது கோடு ஏறி இருபது நாள்தான் ஆகிறது. அவருடன் வந்த துணை விமானி தொப்பியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டான்.

"எப்பம்மா போனா?"

"ஏழு பத்துக்கு." அவள் நிமிரவில்லை. இப்போது மணி ஒன்று.

அப்பா கட்டிலோரம் உட்கார்ந்து அம்மாவின் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பன்னிரண்டு வருடம் துணை விமானியாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, எதற்கும் கேப்டன் முகத்தையே பார்த்தவர். வீட்டிலும் அப்படித்தான், காய் வாங்கக்கூட அம்மாவைக் கேட்பார். "மேல கேப்டன் ஆயிட்டா போதுமா? வீட்டுல இன்னும் பக்கத்து சீட்டுதான்" என்று படுத்த படுக்கையிலும் அம்மா சீண்டினாள். அந்த மனிதர் யாரையும் கேட்காமல் எடுத்த முதல் பெரிய முடிவு, இன்று காலை இங்கே இறங்காமல் போனது.

இந்த வீட்டுக் கூரைக்கு மேலேதான் விமானங்கள் தாழ்ந்து இறங்கும். விடியும்போது அம்மாவுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதும், விமான நிறுவன அலுவலகத்துக்கு போன் செய்து, விமானத்தில் இருந்தவருக்குத் தகவல் சொல்ல வைத்தவள் அவள்தான். ஏழு மணிக்கு மூடுபனிக்குள் சத்தம் நெருங்கி வந்தது.

"வந்துட்டாரு. கேட்டைத் திற" என்றாள் அம்மா.

அவள் ஓடிப்போய்த் திறந்தாள். திரும்புவதற்குள் இயந்திரம் உறுமி, மேலே ஏறி, சத்தம் தேய்ந்து போயிற்று. அம்மா மட்டும் கடைசிவரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இதை ஒரு வார்த்தை விடாமல் அப்பாவிடம் சொல்ல வேண்டும். காலையிலிருந்து அதற்காகத்தான் அழாமல் இருந்தாள்.

துணை விமானிக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"இன்னொரு தடவை முயற்சி பண்ண எரிபொருள் இல்லையா?"

"இருந்துச்சுங்க." அவன் டம்ளரையே பார்த்தான். "இன்னொரு தடவை பார்க்கலாம் சார்னு நான்தான் கேட்டேன். 'வேணாம் தம்பி, இப்ப இருக்கிற அவசரத்துல எனக்கு ரன்வேல இல்லாத விளக்குகூடத் தெரியும்'னு சொன்னார். நேரா அடுத்த ஊருக்குத் திருப்பிட்டார். அங்கேருந்து பஸ்ல அஞ்சு மணி நேரம்."

அவன் தண்ணீரைக் குடிக்காமல் வைத்திருந்தான்.

அவள் உள்ளே போனாள். அப்பா ஜன்னலருகே நின்றிருந்தார். பனி முழுக்க விலகி, வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"கேட் ஏம்மா தொறந்தே இருக்கு?"

எல்லாவற்றையும் சொல்லிவிட வாயெடுத்தாள். அவர் தோளைப் பார்த்தாள். பஸ் சீட்டின் அழுக்கு, கோடுகளின் மேல் அப்பியிருந்தது.

"ஆளுங்க வருவாங்கல்லப்பா. இருக்கட்டும்."

தலையாட்டிவிட்டு அப்பா வெளியே போனார். காற்றில் மூடிக்கொள்ளாதபடி, கேட்டுக்கு அடியில் ஒரு கல்லைக் காலால் நகர்த்தி வைத்தார்.